எச்சில் பகிர்ந்தவர்கள்

தமயந்தியின் வாய்க்குள் விட்ட கண்ணாடி, கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

பல் டாக்டர்கள் கையில் வைத்திருக்கும் சின்ன வட்டக் கண்ணாடிதான். பதினாறு வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் வாய்களுக்குள் போய் வழுக்கிக்கொண்டு திரும்பியிருக்கிறது. அன்றைக்கு அது பசை தடவியதுபோல் பிடித்துக்கொண்டது. பொற்கொடி மெல்ல இழுத்தாள். கன்னத்தின் உள்தோலும் கூடவே இழுபட்டு வந்தது. தமயந்தி வலியில் முனகினாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"ஆடி மாசத்துல இருந்துங்க டாக்டரம்மா. மொதல்ல ராவுல தாகமெடுக்கும். இப்ப எந்நேரமும். இட்லி வாய்க்குள்ள போனா மண்ணத் தின்ன மாதிரி அப்பிடியே நிக்குதுங்க. தண்ணி ஊத்தித்தான் தள்ளோணும்."

தமயந்தி பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைக்கிறவள். முப்பத்தெட்டு வயது. மடியில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் குழந்தையைப்போல் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை அதைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். பேசும்போது அவள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. ஒவ்வொரு தடவையும் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

பொற்கொடி அவள் நாக்கைத் தூக்கிப் பார்த்தாள். எப்போதும் குளம்போல் எச்சில் தேங்கி நிற்கும் இடம் வறண்டு, சிவந்து, பளபளவென்று கிடந்தது. காதுக்குக் கீழே இருக்கும் சுரப்பியை விரலால் அழுத்தி நீவினாள். கன்னத்தில் அதன் வாய் திறக்கும் துளையிலிருந்து ஒரு சொட்டாவது வர வேண்டும். ஒன்றும் வரவில்லை.

அதன் பிறகுதான் கீழ்வரிசை முன்பற்களைப் பார்த்தாள். ஈறை ஒட்டி நான்கு பற்களிலும் பழுப்பாக, குழிவாக அரித்திருந்தது.

பொற்கொடி கையை எடுத்துக்கொண்டாள். கீழ் முன்பற்களில் இப்படி வரிசையாகச் சொத்தை விழுந்து அவள் பார்த்ததில்லை.

"ஏனுங்க டாக்டரம்மா, எச்சி இல்லாட்டி என்னங்க? தண்ணி குடிச்சா சரியாப் போயிருமில்ல?"

"தண்ணி வேற, எச்சில் வேற. சோத்த நல்லா மென்னா கொஞ்ச நேரத்துல இனிக்குமே, தெரியுமா?"

"தெரியுங்க."

"அது எச்சிலோட வேல. சோறு செரிக்க ஆரம்பிக்கறதே வாய்லதான். உப்பு, புளிப்பு எதுவா இருந்தாலும் எச்சில்ல கரைஞ்சாத்தான் நாக்குக்குத் தெரியும். பல்லுல தேயற சுண்ணாம்புச் சத்தத் திரும்பப் பூசறதும் அதுதான். வாய்ல புண்ணு வந்தா ரெண்டு நாள்ல ஆறுது பாருங்க, கிருமியக் கொல்றது, புளிப்ப மட்டுப்படுத்தறது எல்லாம் அதுதான். ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல ஊறுது. நமக்குத் தெரியாமலே முழுங்கிட்டிருக்கோம்."

தமயந்தி பாட்டிலை மூடினாள். "அப்ப எனக்குக் கொழம்புல உப்பு பாக்கத் தெரியலைங்கறது இதனாலதானுங்களா? கொழந்தைங்க உப்புக் கரிக்குதுன்னு தட்ட வெச்சிட்டுப் போயிருதுங்க. எனக்குத் தெரியவே மாட்டேங்குது." டக். "வேலையிலிருந்து எடுத்துப்போடுவாங்கன்னு பயமா இருக்குதுங்க."

பொற்கொடிக்கு அப்போது வந்த பயம் வேறு. அதை அவள் முகத்தில் காட்டவில்லை.

பல்லரண் வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. அது ஒரு கிருமி. ஆய்வகத்தில் திருத்தி அமைத்த, சாதுவான கிருமி. குழந்தையின் பல்லில் ஒரே ஒருமுறை பூசினால் போதும். அது வாயிலேயே குடியேறி, பல்லை அரிக்கும் மற்றக் கிருமிகளை ஒழித்துக்கட்டிவிடும். அந்தக் குழந்தைக்கு ஆயுளுக்கும் சொத்தை கிடையாது. கம்பெனி கிராமம் கிராமமாக இலவச முகாம் போட்டது. வசதியுள்ளவர்கள் தங்கள் குழந்தைகளைத் தனியாகப் பல் டாக்டர்களிடம் அழைத்துப் போனார்கள். உடுமலைப்பேட்டையில் முதல் பூச்சு பொற்கொடியின் கிளினிக்கில்தான் நடந்தது. முதல் குழந்தை அவள் மகள் அருவி. அப்போது அவளுக்கு ஒரு வயது. மூன்று பல்தான் முளைத்திருந்தது.

அடுத்த மூன்று வாரத்தில் இன்னும் ஆறு பேர் வந்தார்கள். ஓர் இளம் தாய். அங்கன்வாடி ஆசிரியை ஜோதிலட்சுமி. பேத்தியைத் தோளில் தூக்கி வளர்த்த ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். ஒவ்வொருவர் வாயிலும் கண்ணாடி ஒட்டிக்கொண்டது. ஒவ்வொருவரும் தினமும் ஏதோ ஒரு குழந்தையோடு இருந்தவர்கள். குழந்தைகளின் வாயில் எச்சில் நன்றாக ஊறியது. பற்கள் முத்துப்போல் இருந்தன.

ஏழாவது ஆளை அனுப்பிவிட்டு பொற்கொடி கதவைச் சாத்தினாள். மேஜை மேல் ஓர் அளவுக் குடுவையை வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்தாள். ஐந்து நிமிடம் விழுங்காமல், ஊறுகிற எச்சிலையெல்லாம் அதில் துப்ப வேண்டும். ஒன்றரை மில்லிக்கு மேல் வந்தால் கவலையில்லை. அரை மில்லிக்குக் கீழே போனால் சுரப்பி செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அவளுக்கு ஒன்று புள்ளி ஒன்று வந்தது.

தப்பாகச் செய்திருப்போம் என்று மறுநாள் காலையில் பல் தேய்க்குமுன் மறுபடியும் துப்பிப் பார்த்தாள். ஒன்று. வீட்டில் அவளும் மகளும் மட்டும்தான். கணவர் வடோதராவில் வேலை பார்த்தார். இரண்டு மாதத்துக்கொருமுறை வருவார். அருவி சாப்பிட்டு மிச்சம் வைத்ததைச் சாப்பிடுவதும், அவள் கடித்துக் கொடுத்ததை வாங்கிக்கொள்வதும், வாயோடு வாய் வைத்து முத்தம் கொடுப்பதும் எட்டு வருஷத்துப் பழக்கம். எந்தத் தாய்தான் அதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறாள்?

அன்றிலிருந்து அவள் மகளுக்கு நெற்றியில் மட்டும் முத்தம் கொடுத்தாள். அருவி முதல் நாளே அதைக் கவனித்தாள். எதுவும் கேட்கவில்லை.

கிருபாகரன் பொற்கொடியோடு பல் மருத்துவக் கல்லூரியில் படித்தவன். பல்லரண் கம்பெனியில் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்தான். அவள் மூன்று முறை கூப்பிட்ட பிறகு, ஒரு சனிக்கிழமை மத்தியானம் கோயம்புத்தூரிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு நேரில் வந்தான். டீ வேண்டாம் என்றான். உட்காரச் சொன்னபோதும் நின்றுகொண்டே இருந்தான்.

"உனக்கு முன்னாடியே தெரியும்," என்றாள் பொற்கொடி.

"சந்தேகம் இருந்துச்சு. தெரியும்னு சொல்ல முடியாது."

"கிருபா, என்னன்னு சொல்லு."

அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "குழந்தைக்குப் பூசும்போது அதோட உடம்பு இன்னும் கத்துக்கிட்டிருக்கும். எது நம்மாளு, எது வெளியாளுன்னு. பல்லரண நம்மாளுன்னு சேத்துக்கும். பிரச்சினை இல்ல. ஆனா அதே கிருமி வளந்தவங்க வாய்ல போய்க் குடியேறினா, சில பேர் உடம்பு அத வெளியாளாப் பாக்குது. அடிக்கக் கிளம்புது. கிருமி எச்சில் சுரப்பியோட வாசல்ல போய் ஒளியும். உடம்பு கிருமியோட சேத்து சுரப்பியவும் அடிச்சுத் தீத்துருது."

"எப்படிப் பரவுது? டம்ளர்ல? தட்டுல?"

"சேச்சே. கழுவினாப் போயிரும். காஞ்சாச் செத்துரும். ஒருத்தர் எச்சில் ஈரம் காயறதுக்குள்ள இன்னொருத்தர் வாய்க்குள்ள திரும்பத் திரும்பப் போகணும். வருஷக் கணக்குல." அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். "பாசமா இருக்கறவங்களுக்குத்தான் வரும், பொற்கொடி. அதான் இதுல கொடுமை."

"மருந்து?"

"இருக்கு. குழந்தைங்க வாய்லருந்து பல்லரண எடுக்க ஒரு கொப்புளிப்பு மருந்து. மூணு வாரம். பெரியவங்களுக்கும் அதுவே. செத்த சுரப்பி திரும்பாது. பாதி இருந்தா அந்தப் பாதியக் காப்பாத்தலாம்."

"அப்பறம் எதுக்கு அத வெளியில விடல?"

"விட்டா தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். கம்பெனி தானா விடாது. அரசாங்க மருந்துக் கட்டுப்பாடு கட்டாயப்படுத்தினா விட்டுத்தான் ஆகணும். அதுக்கு ஒரே ஊர்ல முப்பது பேராவது கையெழுத்துப் போட்டுப் புகார் குடுக்கணும். வெறும் புகார் பத்தாது. யாரோட எச்சில் தன் வாய்க்கு வந்துச்சுன்னு குழந்தையோட பேரப் போட்டு எழுதணும். இல்லைன்னா அவங்களுக்கு வேற காரணத்தால வந்துச்சுன்னு கம்பெனி வக்கீல் ஒரே நாள்ல தூக்கிப் போட்டுருவார்." அவன் கார் சாவியை எடுத்தான். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டான். "ஆனா ஒண்ணு யோசிச்சியா? எச்சில்ல நோய் இருக்குன்னு நம்ம ஊர்ல ஒரு வார்த்தை வெளிய வந்தா என்ன ஆகும்னு?"

பொற்கொடி யோசித்திருந்தாள். யோசித்துவிட்டுத்தான் ஏழு பேரின் விவரத்தையும் சுகாதார அலுவலகத்துக்கு அனுப்பினாள். வேறு வழி இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. தன்னைப் பற்றி அதில் எழுதவில்லை. இன்னும் உறுதியாகவில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்று காலை குடுவையில் புள்ளி எட்டு வந்திருந்தது.

விஷயம் நான்கே நாளில் கசிந்தது. யார் கசியவிட்டார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. முதலில் ஒரு வாட்ஸாப் செய்தி வந்தது. அதற்கு அடுத்த நாள் ஒரு பட்டியலின் போட்டோ வந்தது. ஏழு வருஷத்துக்கு முன் இலவச முகாமில் பல்லரண் பூசிக்கொண்ட குழந்தைகளின் பெயர், தகப்பன் பெயர், தெரு. தனியாக டாக்டரிடம் காசு கொடுத்துப் பூசியவர்களின் பெயர் எந்தப் பொதுப் பட்டியலிலும் கிடையாது. அவை கிளினிக்குகளின் அலமாரிகளில் பத்திரமாக இருந்தன. பொற்கொடியின் அலமாரியிலேயே அறுபத்து மூன்று பெயர் இருந்தது.

ஆகவே ஊருக்குத் தெரிந்த நோய்க் குழந்தைகள் எல்லோரும் முகாம் குழந்தைகள். முகாம் நடந்ததெல்லாம் காலனியிலும் லைன் வீடுகளிலும்.

அருவி படித்த அரசு உதவி பெறும் பள்ளியில் இரண்டு பிரிவுகள் இருந்தன. கட்டணம் கட்டும் ஆங்கிலப் பிரிவு, இலவசத் தமிழ்ப் பிரிவு. சாப்பாட்டுக் கூடமும் தண்ணீர்க் குழாயும் பொது. திங்கட்கிழமை அருவி வீட்டுக்கு வந்து பையை வைத்ததும் சொன்னாள்:

"அம்மா, இன்னிக்குச் செவப்புப் பெயிண்ட் அடிச்ச டம்ளர் வந்திருக்கு. அது முகாம் பசங்களுக்கு மட்டும். நாங்க தொடக்கூடாதாம். அவங்களுக்குத் தனியாப் பாய் போட்டிருக்காங்க, கைகழுவற எடத்துக்குப் பக்கத்துல. கயல் அங்க உக்காந்து அழுதுச்சு."

"கயல் யாரு?"

"சமையல் அக்கா பொண்ணு. தமிழ்ப் பிரிவுல அஞ்சாங்கிளாஸ்."

தனி டம்ளர் என்பது இந்த மண்ணில் எந்தக் காலத்து வார்த்தை என்று அவளுக்குத் தெரியும். அதை ஒழிக்க எத்தனை பேர் அடிபட்டார்கள் என்பதும் தெரியும். அது போய்விட்டது என்று நினைத்திருந்தாள். ஒரு காரணம் கிடைக்கட்டும் என்று எங்கேயோ காத்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்தக் காரணத்தைக் கவரில் போட்டு, கையெழுத்துப் போட்டு அனுப்பியவள் அவள்தான்.

"நீ எந்த டம்ளர்ல குடிச்ச?"

"சாதா டம்ளர்லதான். எனக்குத்தான் முகாம்ல போடலையே?"

அருவிக்குத் தெரியாது. பொற்கொடி சொல்லவில்லை.

அந்த வாரமே அவளுடைய நோயாளிகள் வருவதை நிறுத்தினார்கள். ஏழு பேரில் நான்கு பேர் போனை எடுக்கவில்லை. பஸ் டிரைவர் எடுத்தார். "எனக்கு ஒண்ணுமில்லீங்க, அது சும்மா சளி," என்று சொல்லி வைத்துவிட்டார். பேசிய அத்தனை நேரமும் டக் டக் என்று கேட்டது. யாருக்கும் வாய் வறள்கிறது என்று சொல்லத் தைரியமில்லை. சொன்னால் யார் எச்சிலைத் தின்றாய் என்ற கேள்வி வரும். முகாம் குழந்தையின் எச்சில் என்றால் கூடவே இன்னும் எத்தனையோ வரும்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை தமயந்தி ஓடி வந்தாள். சேலையெல்லாம் நனைந்திருந்தது. வரும் வழியில் பாட்டில் மூடி கழன்றது கூட அவளுக்குத் தெரியவில்லை.

"ஜோதி டீச்சர் செத்துப்போச்சுங்க!"

"என்ன சொல்றீங்க?"

"அங்கன்வாடி ரூமுக்குள்ள கதவத் தாப்பா போட்டுட்டுப் பன்னு தின்னுருக்குதுங்க. தண்ணி குடிச்சுக் குடிச்சுத் தின்னா ஆராச்சும் பாத்துருவாங்கன்னு, தண்ணியில்லாம. தொண்டையில நின்னுபோச்சு. கதவ ஒடைக்கறதுக்குள்ள..." அவள் நாக்கு ஒட்டிக்கொண்டு வார்த்தை நின்றது. பொற்கொடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். தமயந்தி அதை வாங்கத் தயங்கினாள். "இது உங்க டம்ளருங்களா?"

"குடிங்க."

தமயந்தி குடித்துவிட்டு, டம்ளரைத் தன் முந்தானையால் அழுத்தி அழுத்தித் துடைத்து வைத்தாள். அவளை யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் பெற்றோர் கூட்டம். முகாம் குழந்தைகளை வேறு பள்ளிக்கு மாற்றச் சொல்லித் தீர்மானம் போடப்போவதாகப் பேச்சு. இருநூறு பேர் வந்திருந்தார்கள். ஆங்கிலப் பிரிவுப் பெற்றோர் நாற்காலியில், தமிழ்ப் பிரிவுப் பெற்றோர் பின்னால் சுவரோரம் நின்றுகொண்டு. தமயந்தி சமையலறை வாசலில் நின்றாள்.

பெற்றோர் சங்கத் தலைவர் குழந்தைவேலு பேசினார். அரிசி ஆலை வைத்திருப்பவர், அறுபத்தைந்து வயது, பள்ளிக்குக் கூடம் கட்டிக் கொடுத்தவர். சிவப்பு டம்ளர் வைக்கச் சொன்னதும் அவர்தான். அவர் குரலுக்கு ஊரில் மரியாதை உண்டு.

"ஆரு மேலயும் நமக்கு வெரோதமில்லீங்க. ஆனா நம்ம கொழந்தைங்கள நாமதான பாத்துக்கோணும்? அந்தக் கொழந்தைங்க பாவந்தான். பாவம்னு பாத்தா நம்மூட்டுக் கொழந்தைங்களுக்கும்..." அவர் நிறுத்தி, மேஜையிலிருந்த பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தார். தொடர்ந்தார். ஒலிபெருக்கியில் அவர் வார்த்தைகளுக்கு நடுவே சின்னச் சின்னதாக ஏதோ சொடுக்கியது.

டக்.

மைக் கோளாறு என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த பொற்கொடிக்கு முதுகு நிமிர்ந்தது. அவர் உதட்டோரம் வெடித்திருந்தது. நாக்கால் உதட்டை நனைக்கப் பார்த்தார். நாக்கு நனைக்கவில்லை.

அவள் மெல்லத் திரும்பிக் கூடத்தைப் பார்த்தாள். மார்கழி மாதம். வெளியே மூடுபனி இன்னும் விலகவில்லை. குளிருக்குப் பலர் காதை மூடிக்கொண்டு வந்திருந்தார்கள். ஆனால் பார்த்த இடத்திலெல்லாம் மடியில் தண்ணீர் பாட்டில். கைப்பைக்குள் பாட்டில். முந்தானைக்கடியில் பாட்டில். தலைமையாசிரியர் இருமுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு குடித்தார். முன்வரிசையில் ஒரு பெண் யாரும் பார்க்காதபோது வாயில் எதையோ போட்டுச் சப்பினாள். அவள் மகன் பெயர் பொற்கொடியின் அலமாரியில் இருக்கிறது. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மகள் பெயரும் இருக்கிறது.

ஏழு பேர் என்று நினைத்திருந்தாள்.

எழுந்தால் அருவிக்கும் சிவப்பு டம்ளர்தான். கிளினிக்கைப் பூட்ட வேண்டியிருக்கும். எழாவிட்டால் இன்னும் எத்தனை கதவுகளுக்குப் பின்னால் எத்தனை பேர் தண்ணீரில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்? எழுந்து நின்றாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க டாக்டரம்மிணி. நீங்க சொன்னா எல்லாத்துக்கும் வெளங்கும்."

"இந்த ஊர்ல மொதமொதல்ல பல்லரண் பூசின குழந்தை என் பொண்ணு அருவி. முகாம்ல இல்ல. என் கிளினிக்ல, என் கையால பூசினேன். அவ இங்கிலீஷ் மீடியம் மூணாவது. இத்தனை நாளா சாதா டம்ளர்லதான் தண்ணி குடிச்சிட்டிருக்கா. நான் வாயத் திறக்கல." கூடத்தில் சலசலப்பு எழுந்தது. அவள் குரலை உயர்த்தினாள். "இது டம்ளர்ல பரவாது. தட்டுல பரவாது. பக்கத்துல உக்காந்தா பரவாது. வருஷக்கணக்கா ஒரு குழந்தை கடிச்சதத் தின்னு, மிச்சத்தத் தின்னு, வாயில முத்தம் வாங்கினவங்களுக்குத்தான் வரும். எனக்கு வந்திருச்சு. நேத்து அஞ்சு நிமிஷம் துப்பிப் பாத்தேன். புள்ளி அஞ்சு. இன்னும் நாலு மாசத்துல எனக்கும் இட்லி மண்ணாயிரும்."

குழந்தைவேலு பாட்டிலைக் கீழே வைத்தார்.

"மருந்து இருக்குங்க. வாங்கறதுக்கு முப்பது பேர் கையெழுத்து வேணும். யார் எச்சில்னு எழுதணும். நான் இன்னிக்கு எழுதறேன். ஜோதி டீச்சருக்கு வெளிய சொல்ல முடிஞ்சிருந்தா உசுரோட இருந்திருப்பாங்க. உங்ககிட்ட கேட்கறது அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டாள். இருநூறு பேர் இருந்த கூடத்தில் அசைவில்லை. அந்த அமைதியில்தான் அது கேட்டது. முதலில் வலப்பக்கம் எங்கிருந்தோ, டக். பிறகு பின்னால். பிறகு சமையலறை வாசலில். பிறகு மேடையில். வறண்ட வாய்களுக்குள் நாக்குகள் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம், ஓடுகள் மேல் மழை தொடங்குவதுபோல் கூடம் முழுக்க. எல்லோருக்கும் கேட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

தீர்மானம் போடாமலே கூட்டம் கலைந்தது.

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு கிளினிக்கைத் திறக்கப் போனபோது படியில் முன்வரிசைப் பெண் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் பஸ் டிரைவர். அவருக்குப் பின்னால் தமயந்தி. அதற்கும் பின்னால் வரிசை மருந்துக்கடையைத் தாண்டிப் போயிருந்தது. தலைமையாசிரியரும் அதில் இருந்தார். நாற்காலிக்காரர்களும் சுவரோரம் நின்றவர்களும் கலந்து நின்றார்கள்.

பதினொன்றே முக்காலுக்குள் நாற்பது படிவம் எழுதியாகிவிட்டது. பலர் கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அழுதார்கள். 'யாருடைய எச்சில்' என்ற கட்டம் அது. தமயந்தி அதில் பதினொரு பெயர் எழுதினாள். குழந்தைகள் தட்டில் மிச்சம் வைத்ததைக் கொட்ட மனம் வராமல் இத்தனை வருஷமும் தின்றிருக்கிறாள். யார் யார் மிச்சம் வைப்பார்கள் என்று அவளுக்குப் பெயர் பெயராகத் தெரிந்திருந்தது.

எல்லோரும் போன பிறகு குழந்தைவேலு வந்தார். தனியாக. நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொற்கொடி கண்ணாடியை எடுத்தாள். ஒட்டியது.

"எவ்வளவு நாளுங்கய்யா?"

"ஒரு வருசமாச்சுங்க அம்மிணி."

அவள் படிவத்தை நீட்டினாள். அவருடைய ஒரே மகன் குடும்பத்தோடு கனடாவில் இருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். பேரக்குழந்தைகள் இங்கே வந்து ஆறு வருஷம் ஆகிறது.

கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது. பிறகு மூன்றே எழுத்து எழுதினார். கயல்.

பொற்கொடி நிமிர்ந்து பார்த்தாள்.

"அவங்கம்மா சாயந்தரம் எங்கூட்டுலதானுங்க சமைக்குது," என்றார். "அஞ்சு வருசமா. புள்ள வந்து திண்ணையில உக்காந்து வீட்டுப்பாடம் எழுதும். கடல முட்டாயக் கடிச்சுப் பாதிய எம்பட வாயில வெக்கும். எச்சின்னு தள்ள மனசு வரலீங்க. அந்தப் பெரிய ஊட்டுல வேற ஆருங்க எனக்கு ஊட்டி உடறாங்க?"

"அப்பறம் எதுக்குங்கய்யா அந்தச் செவப்பு டம்ளர்?"

பாட்டிலைத் திறந்தார். குடிக்கவில்லை. "பயமுங்க. எனக்கு வந்தது வெளிய தெரிஞ்சா, ஆரு எச்சின்னு கேப்பாங்க. சாதிசனம் கேக்கும். நாஞ்சத்தம் போட்டா எம்பக்கம் ஆரும் பாக்க மாட்டாங்கன்னு இருந்துட்டேன்." டக். "பாயில உக்காந்து அது என்னைய நிமிந்து பாத்துச்சுங்க. தாத்தான்னு கூப்பிடல."

பொற்கொடி அவருடைய படிவத்தை வாங்கி அடுக்கின் அடியில் செருகினாள்.

"இந்தப் பேரெல்லாம் அந்தக் கொழந்தைங்களுக்குத் தெரியுங்களா அம்மிணி?"

"குழந்தைங்களுக்கும் மருந்து குடுக்கணும். மூணு வாரம், தினமும். ஏன்னு கேப்பாங்க."

"அப்ப தன்னாலதான் எனக்கு இப்பிடி ஆச்சுன்னு அதுக்குத் தெரிஞ்சு போயிரும்." அவர் கண் கலங்கியது. "இன்னொண்ணும் வேண்டாமுங்க எனக்கு. அத மட்டும் எப்பிடியாச்சும்..."

வாசல் கதவு தள்ளப்பட்டது. ஓவிய வகுப்பு முடிந்து அருவி உள்ளே வந்தாள். குழந்தைவேலுவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, பையைக் கழற்றிக்கொண்டே மேஜையோரம் வந்து நின்றாள். அங்கே படிவங்கள் அடுக்கியிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, முதலில் எழுதியது என்பதால், பொற்கொடி தன்னுடையதை வைத்திருந்தாள்.

அவள் கையை நீட்டி மறைப்பதற்குள் மகள் குனிந்துவிட்டாள். மூன்றாம் வகுப்புக் குழந்தை. எழுத்துக்கூட்டாமல் படிக்கப் பழகி ஒரு வருஷமாகிறது. உதடு அசைய மெதுவாகப் படித்தாள். நோயாளியின் பெயர். வயது. சுரப்பியின் நிலை. கடைசிக் கட்டம்.

குழந்தைவேலு முகத்தை மூடிக்கொண்டார்.

"அம்மா," என்றாள் அருவி, "இதுல எதுக்கு என் பேர் எழுதியிருக்க?"

பொற்கொடி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.